வயிற்றுப் பங்கு

பள்ளக்காட்டுப் பள்ளிக்கூடத்தை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட அன்று சென்னியப்பன் பட்டுக்கரை வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்குப் புறப்படுகிறவரைப் போல நெற்றி நிறையத் திருநீறு பூசினார். மேக்காட்டு வீட்டிலிருந்து காரில் சரிவிறங்கி வந்து, பள்ளிக்கூடத்துக்கு எதிரே வேப்பமர நிழலில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு வேடிக்கை பார்த்தார்.

மூடுவதற்கு அப்படியொன்றும் பாடுபட வேண்டியிருக்கவில்லை. சத்துணவு அண்டாவை டெம்போவில் ஏற்றினார்கள். டீச்சர் சுவரிலிருந்த படங்களைக் கழற்றிச் சுருட்டினாள். ஊஞ்சல் சங்கிலி துருவேறி நின்றது. அந்த ஊரில் பள்ளிக்கூடத்தில் படிக்கிற வயதில் ஒரு பிள்ளை இல்லை. அதற்குக் கீழே நடக்கிற வயதிலும் இல்லை, தொட்டிலிலும் இல்லை.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. மேக்காட்டார் தெருவில் நின்று சிரிக்கிற வழக்கம் கிடையாது. ஆனால் பல வருடமாக நெஞ்சில் எரிந்துகொண்டிருந்த இடத்தில் யாரோ ஈரத்துணியைப் போட்டது போலிருந்தது. பூட்டுப் போடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் காரை எடுத்தார்.

மேக்காட்டாரும் பள்ளக்காட்டாரும் பங்காளிகள். ஒரே குலசாமி, ஒரே கோயில், ஒரே வேட்டை. மாசித் திருவிழாவுக்கு முன்பு காட்டுக்குள் போய்ப் பன்றி அடித்துவருவது ஊர் பிறந்த நாளிலிருந்து நடக்கிறது. சட்டம் வந்து தடுத்தபோது வேட்டை நிற்கவில்லை, வேட்டையைப் பற்றிப் பேசுவதுதான் நின்றது. அடித்த பன்றியைக் கோயில் பின்புறம் பனையோலையில் கூறு போடுவார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, மோப்பம் பிடித்த நாய்க்கு ஒரு பங்கு. வீட்டில் மாசமான பெண் இருந்தால் அவள் வயிற்றுக்கும் ஒரு பங்கு உண்டு. அதற்கு வயிற்றுப் பங்கு என்று பெயர். பிறக்காத பிள்ளைக்கும் கூறு போடுகிற ஊர் அது.

சென்னியப்பன் படித்துப் பெரிய ஆளானவர். காட்டு விலங்குகள் ஏன் பெருகுகின்றன, எதனால் அடங்குகின்றன என்று ஆராய்கிற அரசு ஆய்வகத்துக்குத் தலைவர். அவர் மகன் இளமாறன் கல்லூரி விடுமுறையில் வந்தவன், பள்ளக்காட்டில் சித்தப்பா முறையான கருப்பண்ணனோடு வேட்டைக்குப் போனான். தன் மக்காச்சோளக் காட்டைச் சுற்றிக் கருப்பண்ணன் பன்றிக்கென்று மின்கம்பி இழுத்துவிட்டிருந்தான். திரும்பி வருகையில் வழி தவறிய பையன் அதில் கால் வைத்துவிட்டான்.

விபத்து என்று சொல்லியிருந்தால் சென்னியப்பன் ஒருவேளை பொறுத்திருப்பார். ஆனால் கம்பிக்கும் ஜெயில், வேட்டைக்கும் ஜெயில். விடிவதற்குள் கம்பியைச் சுருட்டி எடுத்துவிட்டு, பள்ளக்காட்டு ஊரே கூடி ஒரு கதை கட்டியது. போலீஸ் ஸ்டேஷனில் கருப்பண்ணன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்:

"சோளம் ஒடிக்க வந்திருக்காப்லீங். மோட்டார் ரூம் ஒயரைத் தொட்டுட்டாப்ல."

அவனுக்குப் பின்னால் வரிசையாக நின்ற அத்தனை பேரும் ஆமாமென்றார்கள். மறுநாள் பேப்பரில் 'சோளம் திருடச் சென்ற மாணவர் பலி' என்று வந்தது. பஞ்சத்தில் ஊருக்கே களஞ்சியத்தைத் திறந்துவிட்ட குடும்பம் மேக்காட்டுக் குடும்பம். அந்த வீட்டுப் பிள்ளை நாலு கதிருக்காகத் திருடனாகிப் போனான். சாவைச் சுடுகாட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு வரலாம். அந்தச் சொல்லை எங்கே கொண்டுபோய் வைப்பது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் சென்னியப்பன் மனைவி பாவாயியையும் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் நறுமுகையையும் கூப்பிட்டு நிறுத்திச் சொன்னார்:

"இனி இந்த வீட்டுல பள்ளக்காட்டான்னு ஒருத்தரும் வாயெடுக்கப்படாது. அவிய வாசல்ல நாம கை நனைக்கறதில்ல, நம்ம வாசல்ல அவிய நிக்கறதில்ல. இந்தப் பழி தீருற வரைக்கும் நான் கறி தொடமாட்டேன்."

மேக்காட்டார் வேட்டைக்குப் போவதும் அன்றோடு நின்றது. சென்னியப்பன் பழையபடி ஆய்வகமே கதியாகக் கிடந்தார். சமையலறைப் பக்கம் தலை வைத்துப் படுப்பதில்லை. தட்டில் விழுந்த ரசத்தையும் கீரையையும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார்.

சீக்கிரமே அவருக்கு அதற்கான காலம் வந்தது. மலையடிவாரம் முழுக்கப் பன்றி பெருகி, விதைத்த காடெல்லாம் உழுத காடாயிற்று. பள்ளக்காட்டிலும் கூட்டம் போட்டார்கள். சென்னியப்பன் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். எதிரே தரையில் ஊர் உட்கார்ந்திருந்தது. மூலையில் கேமரா எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

"எங்கிருந்துங் இத்தனை பன்னி வருது?" என்று ஒரு கிழவர் கேட்டார்.

"எங்கிருந்தும் வரலை. காட்டுல எந்த உசுரும் தன்னால அடங்காது. தீனி, தண்ணி, இடம், நோய், புலி இதெல்லாம் சேர்ந்துதான் அடக்கி வெச்சிருந்துது. கோடையில தீனியில்லாம முன்னெல்லாம் பாதிக் குட்டி செத்துப் போகும். இப்ப நீங்க கோடையிலயும் மக்காச்சோளம் போடறீங்க. தண்ணிக்குச் சொட்டுநீர்க் குழாயைக் கடிச்சுக்குது. புலியைக் காணோம். கடிவாளத்தையெல்லாம் நாமளே அவுத்துட்டு, குதிரை ஏன் ஓடுதுன்னு கேட்டா எப்படி?"

"அப்பப் புலியக் கொண்டாந்து விட்ருங்க சார்," என்றாள் ஒருத்தி.

"விட்டா மொதல்ல உன்ர எருமையைத்தான் தூக்கும்."

"அது கறக்கறதே இல்லீங், தூக்கிட்டுப் போவட்டும்!"

கூட்டம் சிரித்தது. சென்னியப்பன் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"புலியில்லாத காட்டுல புலி வேலைய வேற ஒண்ணு செய்யோணும். அதுக்குத்தான் இந்தத் தீனி உருண்டை. டிரோன்ல கொண்டாந்து காட்டோரம் போடுவோம். தின்ன பன்னி சினையே புடிக்காது. கொல்றதில்ல, பெருக விடறதில்ல, அவ்வளவுதான்."

அந்த உருண்டையில் இரண்டு வகை இருந்தது. ஒன்று தின்ற சில வாரத்தில் உடம்பைவிட்டுக் கழிந்துபோகும், திரும்பத் திரும்பப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். மற்றது கொழுப்பில் போய்த் தங்கிவிடும், காய்ச்சினாலும் வறுத்தாலும் போகாது. அந்தக் கறியை வருடக்கணக்கில் தின்கிற மனிதருக்கும் அது கருப்பையின் கதவைச் சாத்திவிடும். சாத்தினால் சாத்தினதுதான். ஆகையால் பன்றிக்கறி தின்னாத ஊர்களில் மட்டுமே இரண்டாம் வகையைப் போடலாம் என்பது விதி. ஊராரைக் கேட்டு, பதிலைப் பதிவு செய்த பிறகே போட வேண்டும்.

சென்னியப்பன் கேட்டார். குரலை உயர்த்தி, கேமராவில் தெளிவாக விழும்படி கேட்டார்.

"இந்த ஊர்ல ஆராச்சும் காட்டுப் பன்னி வேட்டைக்குப் போறீங்களா? அந்தக் கறி சாப்பிடறீங்களா?"

ஆமாமென்றால் ஜெயில். பெண்கள் முந்தானையைப் பார்த்தார்கள். கடைசியில் ஊருக்குப் பெரியவன் என்ற முறையில் கருப்பண்ணன் எழுந்தான். அவன் சென்னியப்பனின் முகத்தைப் பார்க்கவில்லை. அன்று ஸ்டேஷனிலும் பார்க்கவில்லை.

"இல்லீங். எங்கூர்ல அந்தப் பழக்கமே கெடையாதுங்."

"எல்லாத்துக்கும் அதுதான் பதிலா?"

"ஆமாமுங்," என்றது ஊர்.

'சொல்லுங்கள். வாயாரச் சொல்லுங்கள்' என்று சென்னியப்பன் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். ஒரு பொய்யால் என் குலத்தைக் கெடுத்தீர்கள். இன்னொரு பொய்யால் உங்கள் குலத்தை நீங்களே கெடுத்துக்கொள்ளுங்கள். நான் தடுக்கவில்லை, திணிக்கவும் இல்லை. கேட்டேன், இல்லையென்றீர்கள்.

அன்று சாயங்காலமே இரண்டாம் வகைக்குக் கையெழுத்துப் போட்டார்.

காடு அவர் கணக்குக்கு அணுவளவும் பிசகாமல் நடந்தது. பன்றி குறைந்தது. குறைந்ததும் மிச்சமிருந்தவற்றுக்கு ஆளில்லாப் பந்தி போலத் தீனி கிடைத்தது. தின்று கொழுத்தன, கொழுத்த உடம்பில் மருந்து இன்னும் அதிகமாகத் தங்கியது. வேட்டைக்குப் போனவர்கள் முன்னைப் போல நெய் வடிகிற பன்றி கிடைக்கிறதென்று சந்தோஷப்பட்டார்கள். சோளம் முழுசாக வீடு வந்து சேர்ந்தது. பள்ளக்காட்டார் சென்னியப்பன் பெயரைச் சொல்லிக் கோயிலில் அர்ச்சனை கூடச் செய்தார்கள்.

பிறகு மெல்ல மெல்லக் காதுகுத்து நின்றது. வளைகாப்புக்கு வளையல் கொண்டுவருகிறவன் அந்தப் பக்கம் வருவதை விட்டான். பள்ளக்காட்டு மாப்பிள்ளை என்றால் பெண் தர யோசித்தார்கள். அந்த ஊரிலிருந்து கட்டிக்கொண்டு போன பெண்களில் இரண்டொருத்தியைப் புகுந்த வீட்டில் பெட்டியோடு அனுப்பிவிட்டார்கள். தண்ணீரைச் சோதித்தார்கள், மண்ணைச் சோதித்தார்கள், காற்றைக்கூடச் சோதித்தார்கள். டாக்டர்கள் கேட்காத கேள்வியில்லை. என்ன சாப்பிடுகிறீர்கள் என்ற கேள்விக்கு மட்டும் எல்லாரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள்.

குலசாமி கோயில் மரத்தில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய மரத்தொட்டில்கள் இலையை மறைத்துக்கொண்டு தொங்கின. ஒருநாள் வெளியூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த சின்னப் பெண்ணொருத்தி எட்டாத கிளைக்கு எக்கி எக்கித் தொட்டில் கட்டுவதைச் சென்னியப்பன் பார்த்தார். இவளா ஸ்டேஷனில் வந்து பொய் சொன்னாள் என்று ஒரு எண்ணம் முள் போலத் தைத்தது. பொய் சொன்ன வீட்டுச் சோற்றைத்தானே தின்கிறாள் என்று அந்த முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டார்.

ஒரு தடவை கருப்பண்ணன் ஆய்வகத்துக்கே வந்தான். தலை நன்றாக வெளுத்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை, அவனும் உட்காரவில்லை.

"ஏனுங்ண்ணா, நீங்க படிச்சவிய. எங்கூர்ல மட்டும் ஏன் இப்பிடி? என்ர மருமக ரெண்டு பேரும் அளுது அளுது கண்ணு போயிருச்சுங். அந்த உருண்டையால இருக்குமுங்களா?"

"உருண்டைய நீங்க தின்னீங்களா?"

"சேச்சே, பன்னி திங்கறத நாங்க எதுக்குங் தொடறோம்."

"அதைத் தின்ன பன்னிய?"

கருப்பண்ணன் சுற்றிலும் பார்த்தான். சுவரில் அரசு முத்திரை, மேசையில் கணினி, வாசலில் காக்கி உடுப்பு. ஒரு சொல், உண்மையான ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால் சென்னியப்பன் என்ன செய்திருப்பார் என்று அவருக்கே தெரியாது.

"இல்லீங்ண்ணா," என்றான் கருப்பண்ணன்.

"அப்ப அதனால இருக்காது. போயிட்டு வா."

பள்ளிக்கூடம் மூடின அன்று பட்டுக்கரை வேட்டியோடு வீடு திரும்பியவர், பாவாயியிடம் கறி எடுத்துச் சமைக்கச் சொல்லலாமா என்று யோசித்தார். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று விட்டுவிட்டார். கோயமுத்தூரில் இருந்த நறுமுகைக்குக் கல்யாணமாகி மூன்று வருடம் ஓடிவிட்டது. அவள் வயிற்றில் ஒரு புழு பூச்சி உண்டாகட்டும், அந்த விருந்தில் விரதத்தை முடிக்கலாம். மேக்காட்டு ரத்தம் இனி அவள் வழியாகத்தான்.

அந்த வாரமே நறுமுகை போனில் கூப்பிட்டாள்.

"அப்பா, ரத்தப் பரிசோதனை ரிசல்ட் அனுப்பியிருக்கேன், பாருங்க. ஒரு பொருள் இருக்குதாம், அது என்னன்னு டாக்டருக்கே தெரியல. எங்கப்பாகிட்டக் கேட்டுச் சொல்றேன்னு பெருமையா சொல்லிட்டு வந்திருக்கேன்."

திரையில் கோடுகள் விரிந்தன. பெற்ற பிள்ளையின் கையெழுத்தைப் போல அந்தப் பொருளைச் சென்னியப்பனுக்கு அடையாளம் தெரிந்தது. இது உடம்பில் சேர்ந்தால் மாற்று உண்டா என்று உலகத்தில் யாராவது கேட்டால் அவரைத்தான் கேட்க வேண்டும். இல்லையென்று அவரே எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார்.

பல வருடங்களுக்குப் பிறகு சமையலறை வாசலில் போய் நின்றார். பாவாயி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பாப்பாவுக்குப் பன்னிக்கறி ஆரு குடுத்தது?"

பாவாயியின் கை நின்றது. மறைக்கிற வயதையெல்லாம் அவள் தாண்டியிருந்தாள். எழுந்து அடுப்புக்கு மேலிருந்த மண்சட்டியை இறக்கி அவர் முன்னால் வைத்தாள். உள்ளே உப்பும் மஞ்சளும் தடவிக் காயவைத்த கறித்துண்டுகள், உப்புக்கண்டம்.

"நாந்தானுங் மாமா. வறுத்துக் குடுத்தா பாப்பா உசுரா சாப்பிடுவா. கோயமுத்தூருக்கும் குடுத்துவுட்டுட்டுத்தான் இருக்கேன்."

"உனக்கு ஆரு குடுத்தது?"

"பள்ளக்காட்டுல இருந்து வருமுங்."

சென்னியப்பன் கையை ஓங்கினார். ஆனால் கை இறங்கவில்லை, அந்தரத்திலேயே நின்றது.

"அடிங்க மாமா, பரவால்ல. ஒவ்வொரு வேட்டைக்கும் மாறன் பேருல ஒரு பங்கு வெக்கறாங்க. அவன் போன வருசத்துல இருந்து ஒருக்கா கூட விட்டதில்ல. கொல்லப்பக்கமா கருப்பண்ணனே கொண்டாந்து குடுப்பாப்ல. என்ர பையன் பங்க நான் எப்பிடி மாமா வேண்டாங்கறது? எனக்கு இறங்கல, அதனால பாப்பாவுக்குப் போட்டேன். அண்ணன் பங்கு தங்கச்சிக்குத்தான?"

"செத்தவனுக்கு என்னடி பங்கு?"

"வேட்டைக்குப் போய் வேட்டையில செத்தவன் பங்க நிறுத்தப்படாதாம். அது நம்ம சாமி வளமொறதான்." பாவாயி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவரை நேராகப் பார்த்தாள். "நீங்கதான் அவிய பேச்சையே எடுக்கப்படாதுன்னுட்டீங்களே. எடுத்திருந்தா மொத வருசமே சொல்லியிருப்பேன். திருடனுக்கு ஆராச்சும் பங்கு வெப்பாங்களா மாமா?"

சென்னியப்பன் சட்டியைப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் அவர் கேட்டுக் காத்திருந்த நியாயம் அதற்குள் உப்புப் பூத்துக் கிடந்தது.

"ரிசல்ட்டுல என்னுங் போட்டிருக்குது?" என்றாள் பாவாயி.

"ஒண்ணுமில்ல." சட்டியை அவள் பக்கம் நகர்த்தினார். "இந்த வருசம் பங்கை முன்வாசல்ல கொண்டாரச் சொல்லு."

மாசித் திருவிழாவன்று வெயில் ஏறுகிற நேரத்தில் கருப்பண்ணன் வந்தான். துண்டு தோளில் இல்லை, இடுப்பில் இருந்தது. கையில் வாழை இலையில் கட்டிய பொட்டலம், துணிப்பையில் வேறென்னவோ. படியேறாமல் வாசலிலேயே நின்றான். எதிர்வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் மேக்காட்டு ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வேலியோரம் வந்து நின்றார்கள்.

"மாறன் பங்குங்ண்ணா," என்றான் தாழ்ந்த குரலில்.

சென்னியப்பன் பெரிய கதவுக்கு நடுவே நிமிர்ந்து நின்றார். அந்த முதுகை வளைக்க வயதாலும் முடிந்ததில்லை.

"மாறன் சோளம் திருட வந்தவன்தான? அவனுக்கென்ன பங்கு?"

கருப்பண்ணனின் கண்கள் கலங்கின. இந்தத் தடவை அவன் முகத்தைப் பார்த்தான்.

"என்ர கம்பியிலதானுங்ண்ணா பையன் மிதிச்சான். ஜெயிலுக்குப் பயந்து வாய் கூசாம அப்பிடிச் சொல்லிப்போட்டேன். அன்னைக்குப் பன்னிய மறிச்சதே அவந்தானுங். எனக்கு முன்னால நின்னான்."

"கேக்கல. தெருவுக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

கருப்பண்ணன் வேலிப்பக்கம் திரும்பினான். வயதான தொண்டை கிழியும்படி கத்தினான்.

"மேக்காட்டு இளமாறன் திருடனில்ல! எங்க வேட்டைப் பங்காளி! பொய் சொன்னது நாங்க! ஜெயிலுக்குப் போடறதுன்னா போடுங்க!"

யாரோ ஒரு கிழவி விசும்பினாள். மகன் இறந்த நாளிலிருந்து சென்னியப்பன் காதில் இரைந்துகொண்டிருந்த அந்தச் சொல் நின்றுபோனது. நின்ற இடத்தில் வேறு சத்தம் ஒன்றும் இல்லை. அவர் கை நீட்டிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். இலைக்குள் கறி இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

கருப்பண்ணன் போகவில்லை. துணிப்பைக்குள் கையைவிட்டு இன்னொரு பொட்டலத்தை எடுத்தான், சின்னது. மஞ்சள் நூல் சுற்றிக் குங்குமம் வைத்திருந்தது.

"இதையும் வாங்கிக்கோணுமுங்ண்ணா. இந்த வருசம் எங்கூர்ல வயித்துப் பங்கு வாங்க ஒருத்தியும் இல்லீங். அந்தக் கூறு மட்டும் அனாதையாக் கெடந்துச்சு. நம்ம நறுமுகை டாக்டர்கிட்டப் போறான்னு அண்ணி சொன்னாங்க. சாமி முன்னால வெச்சு, பாப்பா பேரு சொல்லி எடுத்தாந்தோம். ஊருப் பொம்பளைக அத்தனை பேரும் அதைத் தொட்டுக் கும்பிட்டுத்தான் குடுத்துவுட்டாங்க. எங்களுக்கில்லாட்டிப் போவுது, உங்க வீட்லயாச்சும் ஒரு கொழந்தை அளுவட்டும்."

கருப்பண்ணன் இரண்டு கையாலும் அதை நீட்டியபடி நின்றான். கதவுக்குப் பின்னால் பாவாயி கும்பிட்டுக்கொண்டிருந்தாள். வேலியோரம் தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

வேண்டாமென்றால், எதனால் வேண்டாமென்பதையும் சொல்லியாக வேண்டும்.

சென்னியப்பன் முதல் பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையையும் நீட்டி அதை வாங்கிக்கொண்டார்.